அத்தா பாடிய வாடி

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது திண்டிவனத்தில் ஒரு தையல் கடையில். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வந்து, "இதையெல்லாம் எங்கே பிடித்தீர்கள்?" என்று யாரும் கேட்கக் கூடாது. ரவிக்கைக்கு அளவு கொடுக்கப் போயிருந்தேன். கடைக்காரர் ஃபஸீஹா, வாயில் குண்டூசிகளைக் கவ்வியபடியே, "எங்க அத்தா பாடுவாருன்னு சொன்னா எங்க வீட்ல ஒருத்தரும் நம்ப மாட்டன்றாங்கக்கா" என்றார். தூக்கிய கையை இறக்காமல் மிச்சத்தையும் கேட்டேன். ரவிக்கை இறுக்கமாகத்தான் வந்தது. கதை பரவாயில்லை.

(கடையில் அவர் 'அவர்'. கதைக்குள் 'அவள்'. கோபித்துக்கொள்ள மாட்டார், கேட்டுவிட்டேன்.)

2

முதல் தொடக்கம்: "கடல் அன்று ஒரு பெரிய..."

பெரிய என்ன? தெரியவில்லை. விட்டுவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: "மரக்காணத்துக்கு அருகே, சரியாகச் சொன்னால்..."

சரியாகச் சொல்ல முடிந்தால் இந்தக் கதையே கிடையாது.

மூன்றாவது, இப்போதைக்கு நிற்கிறது: ஃபஸீஹாவுக்கு ஆறு வயது இருக்கும்போது, கோட்டக்குப்பத்தில் கருவாட்டு வியாபாரம் செய்த அவளுடைய அத்தா (அப்பாதான்) சிக்கந்தர் பாட்சா, அவளை ஒரு வாடிக்குக்* கூட்டிப்போனார். சில நாள் தங்கினார்கள். அங்கே அத்தா பாடினார்.

(*வாடி: மீன் படும் சீசனில் மட்டும் மீனவக் குடும்பங்கள் கடலோரத்தில் கீற்றுக் கொட்டகை போட்டுத் தங்கும் இடம். சீசன் முடிந்தால் கீற்றைப் பிரித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். சுவரும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. இதைப் போய்த் தேடுகிறவர்களை என்ன சொல்வது!)

வீட்டில் அத்தா பேசுவதே அபூர்வம். குழம்பில் உப்பு இல்லையென்றால்கூடத் தட்டைக் கொஞ்சம் நகர்த்தி வைப்பார், அவ்வளவுதான். போன வருடம் அவர் மவுத்தானபோது, துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அண்ணன் ஜகபர் சாதிக், "கல்லு மாதிரி இருந்த மனுசன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஃபஸீஹாவுக்கு அது பொறுக்கவில்லை. பாடிய மனிதரைக் கல் என்று சொல்லிப் புதைப்பதா? அத்தா பாடியதைக் கேட்ட ஒரே ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் இருந்தால் அந்த வாடியில்தான் இருக்க முடியும்.

3

ஜகபர் சாதிக்கை முதலில் வில்லனாகத்தான் எழுதினேன். ஷார்ஜாவிலிருந்து லீவில் வந்தவர், கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் அத்தர் வாசனை, எதற்கெடுத்தாலும் "அங்கல்லாம் அப்டி கெடையாது" என்கிற ஆள். எழுத சுகமாகத்தான் இருந்தது. பிறகு ஃபஸீஹா ஒன்று சொன்னாள். ஆறு வயதில் அவள் போன அந்த வாடிப் பயணத்துக்கு முதலில் கிளம்ப இருந்தது அவர்தானாம். பொன்னுக்கு வீங்கி வந்து, இரண்டு கன்னத்திலும் துணியைக் கட்டிக்கொண்டு வீட்டிலேயே கிடந்திருக்கிறார். தங்கை திரும்பி வந்து, "அத்தா பாட்டு பாடுச்சு!" என்று குதித்தாளாம்.

அவர் நம்பாததில் என்ன ஆச்சரியம்? நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். வில்லனைக் கலைத்துவிட்டேன். கண்ணாடியையும் அத்தரையும் மட்டும் வைத்துக்கொண்டேன்.

4

அந்தக் கண்ணாடிக்காரர்தான் கார் எடுத்தார். "ஒரு நாளு. ஒரே நாளு. அப்புறம் இந்தப் பேச்சே பேசக்கூடாது."

ஃபஸீஹாவிடம் இருந்த அடையாளம் ஒன்றுதான்: ஒரு கோயில் கோபுரம், இரட்டைப் பனைமரத்துக்கு நடுவில் தெரியும்.

"அது மேல ஏறும், கீழ எறங்கும்ணே."

"கோபுரம் ஏறி எறங்குமா? லிஃப்ட்டு வெச்சிருந்தாங்களா?"

இதை நாலு பேரிடம் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, அவர் பாட்டுக்கு டீக்கடை டீக்கடையாக, "இங்க பழைய வாடி எங்கங்க?" என்று மட்டும் கேட்டுக்கொண்டு வந்தார். ஒவ்வொரு கடைக்காரரும் ஒவ்வொரு பக்கம் கை காட்டினார். இறங்கி இறங்கி மணலில் நடந்தார்கள். எங்கே நின்று திரும்பிப் பார்த்தாலும் சவுக்குத் தோப்புதான். கோபுரமும் இல்லை, கலசமும் இல்லை. அண்ணனின் ஷூ முழுக்க மணல்.

"பேஜாரா போச்சு. ஜல்தி வா, கெளம்பலாம்."

ஃபஸீஹா அசையவில்லை. கரைக்குச் சற்றுத் தள்ளி ஒரு மீன்பிடிப் படகு, ஃபைபர் போட்டு, மிதந்துகொண்டிருந்தது. அதில் ஒருவர் நின்றபடி வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அலை வரும்போது ஏறினார், போனதும் இறங்கினார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அண்ணே! கோபுரம் ஆடலண்ணே. நான்தான் ஆடிக்கினு இருந்தேன்!"

5

(இந்த இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டு ஒரு காபி குடித்தேன். சந்தோஷம்.)

விஷயம் இதுதான். அத்தா அவளை மடியில் வைத்துக் கட்டுமரத்தில் கூட்டிப்போயிருக்கிறார். கடலில் இருப்பவர்கள் தங்கள் வாடிக்குத் திரும்ப, கரையில் இரண்டு பொருளை நேர்கோட்டில் வைத்துத்தான் பார்ப்பார்கள். ஃபஸீஹா இத்தனை வருடமாக நெஞ்சில் வைத்திருந்தது கடலிலிருந்து பார்த்த கரை. மணலில் நின்றுகொண்டு அதைத் தேடினால் சவுக்கு மறைக்காமல் என்ன செய்யும்?

கை காட்டிக் கூப்பிட்டதும் கரைக்கு வந்த போட்டுக்காரர் பெயர் அப்பாதுரை. விஷயத்தைக் கேட்டதும், "ஏறுங்க பாய், பாத்துடலாம். இதுக்குப் போயி காலைலேர்ந்து டீயா குடிச்சிக்கினு இருந்தீங்க?" என்றார்.

ஷார்ஜாக்காரர் இரண்டாம் அலையிலேயே குடித்த டீ அத்தனையையும் கடலுக்குக் கொடுத்தார். ஃபஸீஹா துப்பட்டாவை இழுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கரையையே பார்த்தாள். போட்டு தள்ளிப் போகப் போகச் சவுக்கு குட்டையாகிக்கொண்டே வந்தது. அதற்கு மேலே கோபுரத்தின் தலை எழுந்தது. அப்பாதுரை போட்டை வடக்கே திருப்பினார். ஒரு பனை வந்தது. இன்னொரு பனை வந்தது. நடுவில் வந்து கோபுரம் உட்கார்ந்துகொண்டது.

"ஏறுது பாருண்ணே! எறங்குது பாரு!"

"எனக்கு எல்லாமே ஏறி எறங்குது" என்றார் அண்ணன்.

"இது வெள்ளையம்மா வாடிக்குக் குறியாச்சே" என்றார் அப்பாதுரை. "இந்த வருசமும் கொட்டாய் போட்டுக்கினுதான் இருக்காங்க."

6

கொட்டகை வாசலில் வெள்ளையம்மாள் மீன் அறுத்துக்கொண்டிருந்தார். ஃபஸீஹா அவர் எதிரில் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"கோட்டக்குப்பம் கருவாட்டு பாய் பொண்ணுங்க நானு. எங்க அத்தா இங்க பாடுவாருங்களா?"

இந்தக் கேள்வியோடு நான் இரண்டு வாரம் மல்லுக்கட்டினேன்.

முடிவு அ: வெள்ளையம்மாள், "எந்த பாய்?" என்கிறார். (இதை எழுதினால் கனமான கதை என்பார்கள். ஃபஸீஹா முகத்தை நினைத்தேன். கிழித்துவிட்டேன்.)

முடிவு ஆ: அவர் பதில் சொல்லாமல் கடலைப் பார்க்கிறார், கடலும்...

போதும். அவர் சொன்னது இதுதான்:

"பாடுவாரான்னா கேக்கற? நிறுத்துன்னா நிறுத்துவாரா அந்த மனுசன்! வலை இழுக்கறதுல ஆரம்பிச்சா சோறு துன்ற வரிக்கும் பாட்டு. கொரலாவது நல்லா இருக்குதா? காக்கா கூட எழுந்து போயிடும்!"

ஃபஸீஹா சிரித்தாள், அழுதாள், எது எது என்று பிரிக்க முடியாமல். அண்ணன் மட்டும் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"வூட்ல ஏம்மா பாடல?" என்றாள் ஃபஸீஹா.

"உங்க அம்மா ஹாஜிராவாமே? பாடுனா வாயைப் பொத்திக்கினு சிரிப்பாங்களாம். அந்த வெக்கத்துலதான் இங்க வந்து தீத்துக்கினு போறேம்பாரு."

ஹாஜிரா பீவியும் இப்போது இல்லை. அவர் சிரித்ததை மகனும் மகளும் அன்று கடற்கரையில்தான் முதன்முதலாகப் பார்த்தார்கள்.

"இன்னா பாட்டும்மா?" என்றார் ஜகபர் சாதிக்.

வெள்ளையம்மாள் கையைக் கழுவினார். தொண்டையைச் செருமினார். முதல் வரியைப் பாடினார்.

(........................)

என்ன பாட்டு என்று எழுத மாட்டேன். எனக்குத் தெரியும், ஃபஸீஹா குண்டூசியோடு பாடிக் காட்டினாள். உங்கள் வீட்டிலும் யாருக்கும் கேட்காது என்று நினைத்துக்கொண்டு ஒருவர் பாடியிருப்பார். அந்தப் பாட்டை அங்கே போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வரியை வெள்ளையம்மாள் எடுப்பதற்குள் ஜகபர் சாதிக் எடுத்துவிட்டார். ஒரு சொல் தவறவில்லை.

ஃபஸீஹா திகைத்துப் போய், "அண்ணே, உனக்கு எப்டித் தெரியும்?" என்றாள்.

"தெரியல ஃபஸீ" என்றார் அவர். "எனக்கு எப்பவுமே தெரியும்."

எப்படித் தெரியும் என்று என்னிடமும் கேட்காதீர்கள். மூன்று பேரும் உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், அடுத்த வரி உங்களுடையது.