இணைப்பு: அசல் சான்றிதழ்கள்

நாகேஸ்வரனின் முப்பத்தொரு வருஷ சர்வீசில் எந்த விண்ணப்பமும் நிராகரிக்கப்பட்டதில்லை. நிலுவையில் இருந்திருக்கிறது, அவ்வளவுதான். நிராகரிக்க வேண்டுமென்றால் யாராவது ஒருவர் கையெழுத்துப் போட்டாக வேண்டும். நிலுவையில் வைக்க யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஆகவே, வடக்கே இருக்கும் ஆரோஹணா பல்கலைக்கழகம், அவருடைய மகள் திவ்யலட்சுமியின் பெயர் காத்திருப்போர் பட்டியலில் நாற்பத்துமூன்றாவதாக இருக்கிறது என்று மின்னஞ்சல் அனுப்பியபோது, அவர் அதை நல்ல செய்தியாகவே எடுத்துக்கொண்டார்.

“லிஸ்ட்ல பேர் இருக்கோல்லியோ?”

“வெயிட்லிஸ்ட் அப்பா.”

“எல்லாம் லிஸ்ட்தான். இனி ஆர்டர் இறங்கணும், அது மதி, வேறொண்ணும் வேண்டாம்.”

அவர் ஒரு டைரக்டரேட்டில் சீனியர் சூப்பரண்ட். எந்த டைரக்டரேட் என்பது இங்கே வேண்டாம். அங்கே வேலை பார்ப்பவர்களுக்கே சில நாட்களில் அது மறந்து போவதுண்டு. மலையாளம் கலந்த தமிழ் பேசும் வலியசாலை அக்கிரகாரத்தில் அவரை ‘ஃபைல் நாகேஸ்வரன்’ என்பார்கள். அதைப் பாராட்டு என்று அவர் எடுத்துக்கொண்டதால் யாரும் திருத்தவில்லை.

அன்றைக்கே வீட்டில் ஒரு ஃபைல் திறந்தார். பழுப்பு அட்டை, சிவப்பு நாடா, மேலே ‘தி.ல. / 1’ என்று நம்பர்.

“வருஷத்துக்குப் பதினொண்ணரை லட்சம். ஹாஸ்டல் வேறே,” என்றாள் அவர் மனைவி விஜயம். வீட்டில் ஹிந்தி டியூஷன் எடுக்கிறவள். பாடத்தின் நடுவிலும் கணக்கை விடமாட்டாள். “நாலு வருஷத்துக்கு அரைக் கோடி. இந்த ஆத்தை வித்துட்டு நாம எங்கே இரிக்கறது? அந்த ஹாஸ்டல்ல நமக்கும் ஒரு ரூம் தருவாளான்னு கேட்டு எழுதுங்கோ.”

“பி.எஃப். இருக்கு. பேங்க் லோன் இருக்கு. ஸ்காலர்ஷிப்புக்கும் எழுதியிருக்கேன்.”

“பதில் வந்துதா?”

“பென்டிங்.”

“அப்போ சரி,” என்று விஜயம் டியூஷன் பிள்ளைகளின் வினை விகுதிக்குத் திரும்பினாள்.

உண்மையில் ஆரோஹணாவுக்கு விண்ணப்பித்தது திவ்யா அல்ல, நாகேஸ்வரன். ‘உன் வாழ்வில் நீ சந்தித்த தோல்வி ஒன்றைப் பற்றி அறுநூற்றைம்பது சொற்களில் எழுது’ என்று விண்ணப்பத்தில் கேட்டிருந்தார்கள். பத்தாம் வகுப்பில் செஸ் போட்டியில் ஒரு சின்னப் பையனிடம் பதினேழு நகர்த்தலில் தோற்றதைத் திவ்யா சிரிக்கச் சிரிக்க எழுதியிருந்தாள். நாகேஸ்வரன் படித்துப் பார்த்து வெலவெலத்துப் போனார். தோல்வியைக் கைப்பட எழுதிக் கொடுப்பதா? நாளைக்கு ஆடிட்டில் கேட்டால் என்ன சொல்வது? அவரே உட்கார்ந்து திருத்தினார். ‘இதுநாள்வரை விண்ணப்பதாரர் தோல்வி எதையும் சந்திக்கவில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்’ என்று தொடங்கியது புது வடிவம். அதற்கப்புறமும் நாற்பத்துமூன்றாவது இடம் கிடைத்தது என்றால் பெண்ணின் மார்க் அப்படி.

திவ்யாவுக்கு இதிலெல்லாம் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. அவள் பாட்டுக்கு அரசுக் கல்லூரி இடங்களுக்கான மாநில அலாட்மென்டுக்கும் பதிந்திருந்தாள். ஆரோஹணா விஷயத்தில் அவள் சொன்னது ஒன்றுதான்.

“போன வருஷம் வெயிட்லிஸ்ட்லேர்ந்து எத்தனை பேருக்குக் கிடைச்சுது தெரியுமோ? பன்னண்டு. அதுக்கு முந்தின வருஷம் ஒம்பது.”

“அவாள்ளாம் ஃபாலோ அப் பண்ணியிருக்க மாட்டா.”

நாகேஸ்வரன் ஃபாலோ அப் பண்ணினார். முதல் நினைவூட்டல். பத்து நாள் கழித்து இரண்டாவது. அதற்கு ஆரோஹணாவிலிருந்து இரண்டே நிமிஷத்தில் பதில் வந்தது: தங்கள் ஆர்வத்துக்கு நன்றி, கூடுதல் கடிதங்கள் எதுவும் பரிசீலிக்கப்பட மாட்டா.

“பார்த்தியோ, நம்ம லெட்டர் கிடைச்சதை ஒத்துண்டாச்சு,” என்றார்.

இதற்கிடையில் ஜங்ஷனில் பிரிண்டிங் கடை வைத்திருக்கும் ஷிபு, “சாரே, மோள்க்கு எவிடெயெங்கிலும் கிட்டியோ?” என்று, மகளுக்கு எங்காவது இடம் கிடைத்ததா என விசாரித்தான். ஷிபு ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் செக்ரட்டரி. இந்த ஊரில் ஒரு பிள்ளை நல்ல மார்க் வாங்கினால் ஜங்ஷனில் ஃப்ளெக்ஸ் வைக்காமல் விடமாட்டார்கள். மார்க் வாங்கியவன் எங்கே ஓடி ஒளிந்தாலும் வைப்பார்கள். நாகேஸ்வரன் ஒரு பொய்யும் சொல்லவில்லை. “ஆரோஹணா லிஸ்ட்ல வந்தாச்சு,” என்று மட்டும் சொன்னார். சனிக்கிழமை காலையில் பத்தடி உயரத்தில் ஃப்ளெக்ஸ் எழுந்தது. ஓரத்தில் திவ்யா கொஞ்சம் இருந்தாள். ஷிபு நிறைய இருந்தான்.

திவ்யா செருப்பை மாட்டிக்கொண்டு நேரே அவன் கடைக்குப் போனாள்.

“ஷிபு அண்ணா, நான் அங்கே சேரல்லை. எடுத்துடுங்கோ.”

“எடுத்தா என் ஃபோட்டோவும் போகுமே மோளே.”

கடைசியில் பல்கலைக்கழகத்தின் பெயர் மேல் மட்டும் வெள்ளைக் காகிதம் ஒட்டுவதாகச் சமாதானம் ஆயிற்று. அன்று முதல் அந்தப் பலகை, எதற்காக என்று சொல்லாமலேயே அவளை மனமாரப் பாராட்டிக்கொண்டு நின்றது. தெருவில் யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை.

ஃப்ளெக்ஸ் எழுந்ததற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை, மாநில அலாட்மென்டில் திவ்யாவுக்கு இடம் வந்திருந்தது. ஊரிலேயே அரசுக் கல்லூரி, ஸ்டாட்டிஸ்டிக்ஸ். ஒரு வருஷக் கட்டணம் ஆரோஹணாவின் விண்ணப்பக் கட்டணத்தைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். அடுத்த வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குள் அசல் சான்றிதழ்களோடு நேரில் போய்ச் சேர வேண்டும். தவறினால் இடம் அடுத்த ஆளுக்கு.

“திங்கட்கிழமை போலாம்,” என்றாள் திவ்யா.

“திங்கள் எனக்கு மீட்டிங். செவ்வாய் அஷ்டமி, புதன் நவமி. வியாழக்கிழமை பார்க்கலாம். கார்டியன் ஒப்பு இல்லாம உன்னைத் தனியா சேர்க்க மாட்டா, கேட்டயோ.”

அஷ்டமியும் நவமியும் உண்மைதான். வியாழனுக்குள் ஆரோஹணா ஆர்டர் இறங்கிவிடும் என்ற நம்பிக்கையும் உண்மைதான். அந்த நம்பிக்கைக்கு ஒரு கை கொடுப்பதற்காக, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஊண் முடிந்ததும் அவர் மூன்றாவது நினைவூட்டலைத் தயாரித்தார்.

இந்தத் தடவை சான்றிதழ்களை இணைக்க வேண்டும் என்று தோன்றியது. நகல் இணைத்தால் அதில் கெசட்டட் ஆபீசர் ஒப்பமிட வேண்டும். நாகேஸ்வரன் கெசட்டட் இல்லை. அந்தப் பதவி உயர்வுக்கு முந்தின படியில் ஒன்பது வருஷமாக நிற்கிறார். அவருக்கு மேலே கெசட்டட் ஆகி உட்கார்ந்திருப்பவன் அவரிடமே நோட் எழுதக் கற்றுக்கொண்ட பையன். அவனிடம் போய் நகலை நீட்டிப் பல்லிளிப்பதா? இப்போதெல்லாம் அவரவரே ஒப்பமிட்டால் போதும் என்கிறார்கள். தனக்குத் தானே சாட்சி சொல்லிக்கொள்ளும் அந்த ஏற்பாட்டில் அவருக்கு மதிப்புக் கிடையாது. எனவே அசலையே எடுத்து வைத்தார். பிளஸ் டூ மார்க் லிஸ்ட், நடத்தைச் சான்றிதழ், பள்ளிக்கூடத்து டி.சி. எல்லாம் ஒரு தபால் கவருக்குள் போயிற்று. கீழே, ‘இணைப்பு: அசல் சான்றிதழ்கள்’ என்று எழுதி அடிக்கோடு போட்டார். திங்கட்கிழமை காலை தன் கைக்காசில் ஸ்டாம்ப் ஒட்டி, டைரக்டரேட் முத்திரையோடு போனால் கவருக்கு ஒரு கனம் வரும் என்பதால், ஆபீஸின் தபால் பிரிவான டெஸ்பாட்சில் கொடுத்தார்.

வியாழக்கிழமை பத்தே முக்காலுக்கு அவருடைய ஃபோன் அடித்தது.

“அப்பா, அலமாரில நீல ஃபோல்டர்ல வெறும் ஃபோட்டோகாப்பிதான் இருக்கு.”

“ஆமா, நான்தான் வெச்சேன்.”

“ஒரிஜினல்?”

“மேலே போயிருக்கு.”

“எந்த மேலே?”

“யூனிவர்சிட்டிக்கு. மூணாவது ரிமைண்டரோட. என்க்ளோஷர் இல்லாத லெட்டரை எவன் படிப்பான்?”

“டி.சி.யுமா?”

“எல்லாம்தான்.”

திவ்யா சாமான் வாங்கச் சொல்லும் குரலில் சொன்னாள்: “டி.சி. இல்லாம சேர்க்க மாட்டா. நாலு மணிக்கு என் ஸீட் போயிடும் அப்பா. நான் ஆபீசுக்கு வரேன். எங்கேயும் போகாதேங்கோ.”

நிலுவை என்பதற்கு இன்னொரு முனை உண்டு, அங்கே ஆட்கள் நின்றுகொண்டிருப்பார்கள் என்பது நாகேஸ்வரனின் சர்வீசில் இதுவரை வராத தகவல். கை தன்பாட்டுக்கு ஒரு தாளை இழுத்து, ‘பொருள்: அசல் சான்றிதழ்களை உடனடியாகத் திருப்பி அனுப்பக் கோருதல்’ என்று எழுதிற்று. பார்வை எண் போடும் இடத்தில் பேனா நின்றபோது, ஹெல்மெட்டும் கையுமாகத் திவ்யா எதிரே நின்றாள்.

“டிராக்கிங் நம்பர் எங்கே?”

“டெஸ்பாட்ச்ல இருக்கும். செல்லபாய்கிட்டே.”

டெஸ்பாட்ச் கீழ்த்தளத்தில், மாடிப்படிக்கு அடியில். அங்கே கிளார்க்கான செல்லபாய் தினமும் மார்த்தாண்டத்திலிருந்து ரயிலில் வந்து போகிறவள். டிபன் டப்பாவை அப்போதுதான் திறந்திருந்தாள்.

“செல்லபாய், திங்கக்கிழமை நான் ஒரு கவர் தந்தேனே. டெல்லிப் பக்கம் போக வேண்டியது.”

“கெடக்கு சாரே.”

“கெடக்கா?”

“அந்தாக் கெடக்கு.” இடது கையால் காட்டினாள். ஜன்னலோரத் தட்டில், ஒட்டின ஸ்டாம்ப் ஒட்டினபடி, கனத்த பழுப்புக் கவர் கிடந்தது.

நாகேஸ்வரனுக்கு முதலில் வந்தது கோபம். “மூணு நாளா அனுப்பலையா? அர்ஜென்ட்னு எழுதியிருக்கேன். நான் எக்ஸ்ப்ளனேஷன் கேட்பேன், தெரியுமோ?”

“அப்பா,” என்றாள் திவ்யா, “இப்போ வாயைத் திறந்து ஒண்ணும் மிண்டாதேங்கோ.”

செல்லபாய் அசரவில்லை. சுவரில் பிளாஸ்டிக் உறை போட்டு மாட்டியிருந்த தாளைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். “நீங்க போட்ட சர்க்குலர்லா சாரே. ரெஜிஸ்டர்ல ஃபைல் நம்பர் இல்லாத கவரு ஒண்ணும் வெளிய போவப்பிடாது, போனா டெஸ்பாட்ச் கிளார்க்குதான் பொறுப்புண்ணு. இதுல தி.ல. ஒண்ணுண்ணு போட்டிருக்கிய. அப்பிடி ஒரு செக்‌ஷனே நம்ம டைரக்டரேட்ல கெடையாதே. நான் எதுக்குப் பொறுப்பாவணும்?”

கீழே கையெழுத்து அவருடையதுதான். வெளியே போன ஒரு கவரைப் பற்றி யாரோ கேள்வி கேட்ட வருஷத்தில் போட்டது.

“வாயால ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“வாயால சொன்னா ரெக்கார்டு இல்லண்ணு அதுலயே எழுதியிருக்கு, நாலாவது பாயிண்டு. நான் நோட்டு போட்டு செவ்வாக்கிழமையே உங்க மேசைக்கு அனுப்பியாச்சு. டிரேல பாக்கல்லியா?”

பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமைத் தபாலை வெள்ளிக்கிழமை பார்ப்பது அவர் வழக்கம்.

திவ்யா கவரை எடுக்கக் கை நீட்டினாள். செல்லபாய் அதன்மேல் டிபன் மூடியை வைத்தாள். “மக்களே, சும்மா எடுத்துட்டுப் போவ முடியாது. சாரு திரும்பக் கேட்டு எழுதித் தரணும். மேலதிகாரி ஒப்பும் வேணும்.”

“யாரு மேலதிகாரி?” என்றாள் திவ்யா.

“சாருதான்.”

நாகேஸ்வரன் கவரைத் திரும்பத் தருமாறு தனக்கே விண்ணப்பம் எழுதி, தானே பரிந்துரைத்து, தானே அனுமதித்தார். மூன்று கையெழுத்துக்கும் சேர்த்து ஒரு நிமிஷம் ஆகவில்லை. அவர் சர்வீசில் அதுவே வேகமாக நகர்ந்த காகிதம். செல்லபாய் மூடியை எடுத்தாள். “நல்லாப் படி மக்கா,” என்றாள், திவ்யாவைப் பார்த்து.

ஸ்கூட்டரில் திவ்யா முன்னால். விஜயத்தின் ரோஜா நிற ஹெல்மெட்டோடு நாகேஸ்வரன் பின்னால், கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. சிக்னலில் ஆபீஸ் பியூன் ஒருவன் பார்த்து வணக்கம் வைத்தான். பதில் வணக்கம் வைக்கக் கை இல்லை.

கல்லூரியில் டோக்கன் எண்பத்தாறு. இரண்டே காலுக்குக் கூப்பிட்டார்கள்.

“இப்போ ராகுகாலம். மூணு மணி ஆகட்டுமே,” என்றார் நாகேஸ்வரன்.

“மூணு மணிக்கு நாம எண்பத்தாறு இல்லை அப்பா. கடைசி.” அவள் ஏற்கனவே மேசைக்கு முன்னால் போய் நின்றிருந்தாள்.

சேர்க்கை மேசையில் ஷீனா டீச்சர். கவரைக் கிழித்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். மேலே இருந்த மூன்றாவது நினைவூட்டலை ஒரு வரி படித்துவிட்டு, மடித்து நாகேஸ்வரனிடமே கொடுத்தார். டி.சி.யைக் கையில் எடுத்ததும் நிறுத்தினார்.

“டி.சி. இவிடெ வாங்கிச்சால் பின்னெ மாறான் பாடாணு, கேட்டோ. வேறெ எவிடெயெங்கிலும் வெயிட் செய்யுன்னுண்டோ?”

வாங்கினால் பிறகு மாறுவது கஷ்டம், வேறே எங்காவது காத்திருக்கிறாயா என்று கேட்கிறார். நாகேஸ்வரன் தொண்டையைச் செருமினார். நாற்பத்துமூன்று என்பது ஒன்றும் பெரிய நம்பர் இல்லை. இன்னும் ஒரே ஒரு வாரம் கிடைத்தால் நாலாவது நினைவூட்டல் எழுதலாம். “டீச்சர், ஒரு ப்ரொவிஷனலா...” என்று ஆரம்பித்தார்.

திவ்யா திரும்பி அவரைப் பார்த்தாள். கோபம் இல்லை; செஸ்ஸில் தோற்ற கதையைச் சொன்னபோது இருந்த அதே முகம்.

“அப்பா, நான் அலாட்மென்டுக்கு ஆப்ஷன் ஃபாரம் ஃபில் பண்றச்சே நீங்க ஒண்ணும் கேக்கல்லை. முதல்ல வெச்சது இதைத்தான். ரெண்டாவதா ஒண்ணும் வெக்கவேயில்லை.”

“ஒண்ணே ஒண்ணா? கிடைக்கல்லேன்னா?”

“கிடைக்கும்னு தெரியும். போன அஞ்சு வருஷத்து கட்-ஆஃப் பார்த்துட்டுத்தான் வெச்சேன்.” டீச்சர் பக்கம் திரும்பினாள். “எவிடெயும் வெயிட் செய்யுன்னில்ல மிஸ். வாங்கிச்சோளூ.” எங்கேயும் காத்திருக்கவில்லை, வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறாள்.

டீச்சர் டி.சி.யைத் தன் பக்கத்துக் கட்டில் சேர்த்தார். படிவத்தைத் திருப்பி நாகேஸ்வரனுக்கு முன் வைத்து, கார்டியன் என்ற கட்டத்தைத் தொட்டுக் காட்டினார். அவர் பேனாவைத் திறந்து கையெழுத்திட்டார். அதற்குக் கீழே வழக்கம்போல் ‘சீனியர் சூப்ப’ வரை எழுதியபோது கட்டம் முடிந்துவிட்டது.

“அது வேண்டா சார். பேரு மதி.”

அவர் எழுதினதை அடித்து, அடித்ததற்குப் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார். டீச்சர் முத்திரை குத்தி, ரசீதைக் கிழித்துத் திவ்யாவிடம் கொடுத்தார்.

“ஆர்டர் எப்போ வரும்?” என்று கேட்டார் நாகேஸ்வரன்.

“கழிஞ்ஞு சார்,” எல்லாம் முடிந்தது என்று டீச்சர் எண்பத்தேழைக் கூப்பிட்டார்.

எண்பத்தேழு தன் அம்மாவோடு வந்து இடிக்க, நாகேஸ்வரன் ஓரமாக நகர்ந்தார். திவ்யா அங்கே இல்லை. வராந்தா கோடியில் அறிவிப்புப் பலகைக்கு முன்னால் நின்று, திங்கட்கிழமை முதல் பீரியட் எந்த அறையில் என்று இன்னொரு பெண்ணிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள்.