எழுப்பக் கூடாத நாள்

ஓசூர் சிப்காட்டுக்குப் பின்னால் இருந்த அந்த லைன் வீட்டில், வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிருபாராணியை யாரும் எழுப்பக் கூடாது. அது அவள் புருஷன் பாஸ்கரன் போட்ட சட்டம். பாஸ்கரன் கம்பெனியில் லேத் ஓட்டுகிறவன். கடவுள் இல்லை என்கிற கட்சி. தாலி இல்லை, மோதிரம் இல்லை, மந்திரம் இல்லை, ஜெபம் இல்லை, இரண்டு மாலையோடு முடிந்தது அவர்கள் கல்யாணம். கோயில் வாசலையும் சர்ச் வாசலையும் மிதிப்பதில்லை என்று அன்றைக்கே இருவரும் பேசிக்கொண்டார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் இரண்டு பேருமே பெரிய பிடிவாதக்காரர்கள்.

ஆனால் கிருபாராணி காவேரிப்பட்டினத்துச் சபை மூப்பர் பிரகாசத்தின் ஒரே மகள். ஈஸ்டர் அன்று இருட்டோடு எழுந்து, வெள்ளை உடுத்தி, மெழுகுவத்தியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போய் விடியும்வரை பாடுகிற குடும்பம். கல்யாணமான முதல் வருஷம் அந்த நாள் வந்தபோது உடம்பு தானாக எழுந்து உட்கார்ந்துவிட்டது. எழுந்த பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இருட்டில் அழுதுகொண்டிருந்தவளைப் பாஸ்கரன் பார்த்தான். யூனியன் கேட் மீட்டிங்கில் மைக் கேட்காமலே முழங்குகிறவன், மெதுவாக அவள் பக்கத்தில் வந்து குந்தினான். இனிமேல் இந்த நாளில் நீ எழுந்திருக்கவே வேண்டாம், சமையலை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். அழுகைக்குத் தூக்கம் மருந்து என்று எந்தப் புத்தகத்தில் படித்தானோ தெரியாது.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஈஸ்டருக்கும் பாஸ்கரன் கோழிக் குழம்பு வைத்தான். ஒவ்வொரு வருஷமும் உப்பு தூக்கலாகவே இருந்தது. மகள் கனல்மொழிக்கு விவரம் தெரிந்த பிறகு, மற்ற வீடுகளில் தீபாவளி, உகாதி என்று சொல்வதைப் பார்த்துவிட்டு, தங்கள் வீட்டில் இருப்பது தூக்கப் பண்டிகை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டு வந்தாள்.

பக்கத்து வீட்டு நஞ்சம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். முனீஸ்வரனுக்குக் கிடா வெட்டுகிற வீடு அது. காரணம் இல்லாமல் ஒரு பொம்பிளை விடிந்தும் படுத்திருப்பாள் என்பதை நஞ்சம்மாவால் நம்ப முடியவில்லை. "இது எந்தச் சாமிக்கு நேந்துக்கிட்டது ராணி?" என்று கேட்டாள். கிருபாராணி சிரித்து வைத்தாள். அது போதாதா? அடுத்த வருஷம் அதே நாளில் நஞ்சம்மா வாசற்படியில் எலுமிச்சம்பழம் அறுத்துக் குங்குமம் தடவி வைத்துவிட்டு, என்னை எழுப்பினால் சாமி கண்ணைக் குத்தும் என்று புருஷனிடம் சொல்லிப் படுத்துக்கொண்டாள். காக்கி உடுப்பில் கம்பெனி கேட்டையே அதட்டுகிற செக்யூரிட்டியான அவள் புருஷன் ஆஞ்சப்பன், அன்றைக்குக் களி கிண்டத் தெரியாமல் அடுப்பங்கரையில் வேர்த்துக் கொட்டினான். அதற்கு அடுத்த வருஷம் கோடி வீட்டு வெள்ளையம்மாவும் படுத்துவிட்டாள். சாமியே இல்லை என்கிறவன் லைன் முழுக்க ஒரு சாமியைக் கிளப்பிவிட்டானே என்று ஆஞ்சப்பன் புலம்பினான். பாஸ்கரன் வீடு வீடாகப் போய் விளக்கம் சொல்லிப் பார்த்தான். கேட்கிற நிலையில் எந்தப் பெண்ணும் இல்லை.

யாருக்கும் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. அந்த நாளில் கிருபாராணி ஒரு வருஷமும் தூங்கியதில்லை.

கண்ணை மூடிக்கொண்டு கிடப்பாள். ஜன்னல் வழியாகத் தேய்பிறை நிலா வெளிச்சம் போர்வைமேல் விழும். எங்கோ மணி அடிக்கும்; ஓசூர் மணியா, காவேரிப்பட்டினத்து மணியா என்று பிரித்துச் சொல்ல முடியாது. சுவர் மெல்ல விலகிக்கொள்ளும். தென்பெண்ணை ஆற்றோரத்து மண் பாதை வரும். முன்னால் அப்பா போவார். இருட்டில் அவர் வேட்டி மட்டும் தெரியும். மாம்பூ வாசனை வரும், உருகிய மெழுகு விரலில் சுடும். பாத்திரம் விழுகிற சத்தத்தில் எல்லாம் கலைந்துபோகும். பாஸ்கரன் உச்சுக்கொட்டுவது கேட்கும். பாவம், அவனுக்காகவே அவள் இன்னும் கொஞ்ச நேரம் தூங்குவதுபோல நடிப்பாள்.

எண்பத்தொன்பதாம் வருஷம் அந்த நடிப்பு அவளுக்கு வரவில்லை. போன ஐப்பசியில் அப்பா செத்துப்போனார். அடக்கம் முடிந்த பிறகுதான் சேதி வந்தது. முன்பே வந்திருந்தாலும் போயிருப்பாளா என்பது சந்தேகம். அவள் வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று, "என் குழிக்குக்கூட நீ வரக் கூடாது" என்று சொன்னவர் அவர். புதுக் கல்லறைக்கு முதல் ஈஸ்டரில் பெற்ற பிள்ளைதான் முதல் வத்தி ஏற்ற வேண்டும். அவருக்கு வேறு பிள்ளை கிடையாது. எல்லாக் கல்லறையிலும் வெளிச்சம் இருக்க, அப்பா மட்டும் இருட்டில் கிடப்பார். ஒரே ஒரு முறை போய் வர வேண்டும். ஆனால் எப்படிக் கேட்பது? கேட்டால் பேச்சை மீறியதாகிவிடும். பாஸ்கரன் வேண்டாம் என்று சொல்லமாட்டான். முகம் மட்டும் லேசாக மாறும். அதைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. எப்போதும்போலக் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டாள்.

கோழிகூட எழாத நேரத்தில் தோளில் ஒரு கை பட்டது.

"எந்திரி ராணி."

அவள் அசையவில்லை.

"நீ தூங்கலைன்னு தெரியும். தூங்குனா குறட்டை விடுவ. இந்த நாள்ல மட்டும் எந்த வருஷமும் சத்தமே வராது."

கண்ணைத் திறந்தாள். பாஸ்கரன் குளித்து, சட்டை போட்டு நின்றான். ஒரு கையில் பேப்பரில் சுற்றிய மெழுகுவத்திக் கட்டு. தோளில் அரைத்தூக்கத்தில் கனல்மொழி.

"நாம பேசிக்கிட்டது?" என்றாள்.

"சர்ச்சுக்குப் போறதில்லைன்னுதான பேசுனோம்? உங்கப்பாவப் பாக்கறதில்லைன்னு பேசலையே."

சேலம் போகிற பஸ் கிடைத்தது. பஸ்ஸில் பாதிப் பேர் தூக்கம். வெளியே பாறைக் குன்றுகள் ஒவ்வொன்றாக நிலா வெளிச்சத்தில் வந்து நின்று பார்த்துவிட்டுப் பின்னால் போயின. கிருஷ்ணகிரி தாண்டியதும் மாந்தோப்புகள். இத்தனை வருஷம் கண்ணை மூடிக்கொண்டு போய்வந்த பாதை இப்போது கண் திறந்திருக்கும்போதும் வருகிறதே என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. நடுவில் விழித்துவிடுவோமோ என்று பயந்து புருஷன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பாட்டு முடிகிற நேரம்; இன்னும் வெளுக்கவில்லை. கல்லறைத் தோட்டம் முழுக்கச் சின்னச் சின்ன வெளிச்சம். அதற்கு நடுவில் வெள்ளை வெள்ளையாக ஆட்கள். பாஸ்கரன் வெளியிலேயே வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டான். கிருபாராணி மகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனாள். ஓரத்தில், இன்னும் சிமெண்ட் பூசாத மண்மேட்டுக்குப் பக்கத்தில் அவள் அம்மா ஜெபமணி தனியாக உட்கார்ந்திருந்தாள். மேட்டின்மேல் மண்ணைக் கூட்டி ஒரு மெழுகுவத்தி நட்டிருந்தது. ஏற்றவில்லை.

ஜெபமணி தலையைத் தூக்கி மகளைப் பார்த்தாள். பேத்தியைப் பார்த்தாள். பேத்தியை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"நேத்து சாயங்காலமே வந்திருக்க வேணாமா? ஒருத்தியே உக்காந்து இத்தனை புல்லையும் புடுங்குனேன்" என்றாள்.

கிருபாராணி மகளையும் இழுத்துக்கொண்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா வரக் கூடாதுன்னு சொன்னாரேம்மா."

"சொன்னாரு. சொன்னவரு எந்திரிச்சு வந்து கேக்கட்டும். நான் பதில் சொல்லிக்கறேன்."

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது கிருபாராணிக்கு. பக்கத்துக் கல்லறையிலிருந்து நெருப்பு வாங்கலாம் என்று எழுந்தாள். அதற்குள் ஆற்றுப் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. வரிசையாக எல்லா வத்தியும் அணைந்துபோனது. வெள்ளை வேட்டிக்காரர்கள் மடியைத் தடவினார்கள். போதகர் அங்கியைத் தடவினார். பரிசுத்தமான கூட்டம், பீடி குடிக்கிறவன் ஒருத்தனும் இல்லை, தீப்பெட்டியும் இல்லை.

ஜெபமணி வேப்ப மரத்துப் பக்கம் பார்த்தாள். அங்கே இருட்டில் ஒரு சிவப்புப் புள்ளி மின்னியது.

"உங்க வீட்டுக்காரர வரச்சொல்லு" என்றாள்.

கனல்மொழி ஓடிப்போய் இழுத்து வந்தாள். பாஸ்கரன் பீடியை வெளியிலேயே மிதித்து அணைத்துவிட்டு, சங்கடத்தோடு உள்ளே வந்தான். மாமனார் மண்மேட்டுக்கு முன்னால் குந்தி, குச்சியைக் கிழித்து, இரண்டு கையாலும் காற்றை மறைத்துக்கொண்டான். அந்தக் கைகளுக்குள் வத்தியை நீட்டி ஏற்றினாள் கிருபாராணி. அதிலிருந்து பக்கத்துக் கல்லறை, அங்கிருந்து அடுத்தது என்று வெளிச்சம் மறுபடி தோட்டம் முழுக்கப் போயிற்று. யாரோ விட்ட இடத்திலிருந்து பாட்டை எடுத்தார்கள். பாஸ்கரன் பாடவில்லை. கிருபாராணியும் பாடவில்லை. வத்தி சரியாகப் பிடித்துக்கொள்ளும்வரை அவன் கையை எடுக்கவும் இல்லை.

திரும்பும்போது பெங்களூர் பஸ். மடியில் அம்மா கொடுத்தனுப்பிய தூக்குச் சட்டியில் குழம்பு. உப்பு சரியாக இருக்கும் என்று வாசனையிலேயே தெரிந்தது. சூளகிரி தாண்டியபோது அவள் தலை பாஸ்கரன் தோளில் சாய்ந்தது. ஓசூர், ஓசூர் என்று கண்டக்டர் கத்துவது எங்கோ கேட்டது. ஆட்கள் இறங்கினார்கள்.

"அப்பா, நம்ம ஊரு. அம்மாவ எழுப்பட்டுமா?"

"உஸ். இன்னிக்கு எழுப்பக் கூடாது."

தோள் அசையவில்லை. பஸ் கிளம்பியது. அதையும் கேட்டாள் கிருபாராணி. கண்ணைத் திறந்திருக்கலாம், திறக்கவில்லை. அதற்குப் பிறகு அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

ஜூஜுவாடி தாண்டும்போது குறட்டை ஆரம்பித்ததாம். எல்லை தாண்டி அத்திப்பள்ளி வரைக்கும் பஸ் முழுக்கக் கேட்டதாம். கனல்மொழி பிறகு சொன்னாள்.