ஒரு தேக்கரண்டி எண்ணெய்

மோர்வன் தன் சைக்கிளை விற்கப் போகிறாள் என்பது அவள் கணவனான எனக்குச் சனிக்கிழமை மத்தியானம்தான் தெரியவந்தது. சூப்பில் ரொட்டியைத் தோய்த்தபடி, மழை வரும்போலிருக்கிறது என்று சொல்வதைப்போலச் சொன்னாள்.

"நாளைக்குக் காலைல பதினோரு மணிக்கு பீபிள்ஸ்ல இருந்து ஒரு பொண்ணு வர்றா. சைக்கிளப் பாக்க."

"எந்தச் சைக்கிள?"

"என்கிட்ட என்ன ஒம்பதா இருக்கு?"

மணிக்கட்டுதான் காரணம். மலைச்சரிவில் இறங்கிவிட்டு வந்தால் இரண்டு மணிக்கட்டும் ராத்திரியெல்லாம் குத்துகிறதாம். ஐம்பத்தாறு வயது, தேய்மானம், இனி சமதரையில் ஓட்டுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் ட்வீட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் சமதரை என்றால் ஆற்றோரப் பாதைதான். நாய்களும் தள்ளுவண்டிக் குழந்தைகளும் போகிற பாதை. முப்பது வருடமாக வேரும் கல்லுமான சரிவில் எனக்கு முன்னால் பாய்ந்து இறங்கி, அடியில் நின்று என்னைக் கேலி செய்கிறவள் அதில் ஊர்ந்து போவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அதைவிட, என்னை உறுத்தியது வேறொன்று. அவள் சைக்கிளின் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் சஸ்பென்ஷன் ஃபோர்க்கை மூன்று வருடமாக யாரும் திறக்கவில்லை. அதிர்வு கைக்கு வராமல் தாங்கவேண்டிய அந்த இரண்டு குழாய்க் கால்களுக்குள்ளும் கொஞ்சம் எண்ணெய் இருக்கும். வருடத்துக்கு ஒரு முறையாவது மாற்றவேண்டும். கடையில் கொடுக்கிறேன் என்று அவள் சொன்ன ஒவ்வொரு முறையும் தடுத்தவன் நான். "அத நானே பண்றேன். சரியான கருவி மட்டும் கிடைக்கட்டும்."

கருவிகள் வந்துகொண்டேதான் இருந்தன. முதலில் சைக்கிளைத் தூக்கி நிறுத்த ஒரு ஸ்டாண்டு. அடுத்தது இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர். ஃபோர்க்கின் மூடி வழுக்காமலிருக்க, வாயைத் தட்டையாகத் தேய்த்த சாக்கெட். அதைத் தேய்க்க ஒரு கிரைண்டர். பிறகு, எண்ணெய் ஒழுகாமல் அடைக்கிற 'சீல்' வளையத்தைப் பதிக்கிற குழாய். முப்பத்தைந்து மில்லிமீட்டரில் வாங்கித் தொலைத்தேன், அவளுடையது முப்பத்துநான்கு. அந்த ஒரு மில்லிமீட்டரைத் தேடியே எட்டு மாதம் ஓடிவிட்டது. எங்கள் ஊரில் பாதி ஆம்பளைகள் இப்படித்தான். கொட்டகையை ஆஸ்பத்திரி மாதிரி வைத்திருப்போம். நோயாளியைத்தான் உள்ளே சேர்க்கமாட்டோம்.

சாப்பிட்ட கையோடு பக்கத்து வீட்டு ரோரியிடம் ஓடினேன். காட்டில் மரம் வெட்டுகிறவன். அவன் சைக்கிள் சேறாக இருக்கும், ஆனால் சத்தமே போடாது.

"முப்பத்துநாலு சீல் குழாய் இருக்கா?"

"சீல் ஒழுகுதா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்குடா அதக் கழட்டுற? அடியில ரெண்டு போல்ட்டு. அதத் திருக ஆலன் கீ ஒண்ணு, ரப்பர் சுத்தியல் ஒண்ணு, எண்ணெய அளக்க ஊசியில்லாத சிரிஞ்சு ஒண்ணு. கூடாரம் அடிக்கிற சுத்தியல் உங்கிட்ட இல்ல?"

"இருக்கு."

"நாய்க்கு மருந்து ஊத்துற சிரிஞ்சு?"

"அதுவும் இருக்கு."

ரோரி என்னை மேலும் கீழும் பார்த்தான். "அப்போ மூணு வருஷமா என்னத்தடா தேடுன?"

பாதி இருந்த எண்ணெய்ப் புட்டியை என் கையில் திணித்துவிட்டுக் கதவைச் சாத்தினான். கோபப்படக்கூட எனக்கு அருகதை இல்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பள்ளத்தாக்கு முழுக்கப் பனிமூட்டம். கொட்டகைக் கதவைத் திறந்ததும் அது என்னோடு உள்ளே வந்துவிட்டது. எதிர்மலை இல்லை, ரோரியின் வீடு இல்லை, ஆற்றின் சத்தம் மட்டும் எந்தப் பக்கமிருந்து என்று தெரியாமல் வந்தது. ஃபோர்க்கிலிருந்து காற்றை இறக்கினேன். தூக்கத்தில் புரண்டு படுக்கிறவள் விடுகிற மூச்சைப்போல நீளமாக இறங்கியது. போல்ட்டுகளை நாலு சுற்றுத் தளர்த்திச் சுத்தியலால் தட்டினேன். உள்ளே ஏதோ பிடிவிட்டது. கால்களை உருவித் தட்டின்மேல் சாய்த்துப் பிடித்தேன்.

எண்ணெய் வழியும் என்று காத்திருந்தேன். ஒரு சொட்டு விழுந்தது. அது தட்டில் பரவுவதற்குள் நானும் அவளும் ஒரு மலையில் முழுசாக ஏறி இறங்கிவிட்டது போலிருந்தது. முன்னால் அவள் முதுகு, நனைந்த ஊசியிலை வாசனை, கைப்பிடியில் துள்ளுகிற அவள் முழங்கைகள். இன்னொரு சொட்டு. இன்னொரு மலை. எவ்வளவு நேரம் அப்படியே பிடித்திருந்தேனோ தெரியாது. கடைசியில் தட்டில் ஒரு தேக்கரண்டி இருந்தது, காப்பிக் கசடுபோலக் கறுப்பாக. எனக்கு அழுகை வந்துவிட்டது.

நிமிர்ந்தால், மோர்வன் தேநீரோடு வாசலில் நிற்கிறாள்.

"உன் கை வலி வயசால வந்ததில்ல," என்றேன். "என்னால வந்தது. இதப் பாரு."

பார்த்தாள். "தெரியும்."

"தெரியுமா?"

"போன வருஷமே கடையில அமுக்கிப் பாத்துட்டுச் சொன்னாங்க, உள்ள வறண்டு கெடக்குன்னு."

"அப்பவே குடுத்திருக்கலாமே!"

"நீ பண்றேன்னு சொல்லியிருந்தியே."

அதில் கிண்டல் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவள் சும்மா சொன்னாள்.

"காத்திருந்து அலுத்துப்போச்சு, ஸ்ட்ரூவன். அதான் விக்கிறேன்."

அவள் தேநீரைக் கீழே வைத்தாள். கால்களை அவள் பிடித்துக்கொள்ள, நான் உள்ளே துடைத்து, சிரிஞ்சால் அளந்து எண்ணெய் விட்டு, மாட்டி, காற்றடித்தேன். மொத்தம் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அவள் கைப்பிடியை ஒரு முறை அமுக்கினாள். பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, சைக்கிளில் ஏறி மூட்டத்துக்குள் போய்விட்டாள்.

பதினோரு மணிக்கு பீபிள்ஸ் பெண் வேனில் வந்து இறங்கினாள். அவளுக்கு பிஸ்கட் கொடுத்து, வானிலையைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லித் தீர்த்தேன். பதினொன்றரைக்கு மோர்வன் வந்தாள், தாடைவரை சேறு.

"மன்னிச்சுக்கம்மா," என்றாள் இறங்காமலே. "விக்கிறதா இல்ல."

அந்தப் பெண் என்னை முறைத்துவிட்டுப் போனாள். வேன் வளைவில் மறைந்ததும் மோர்வன் கையுறையைக் கழற்றி மணிக்கட்டைச் சுழற்றினாள்.

"வலிக்குதா?"

"வலிக்குது." இன்னொரு முறை சுழற்றிப் பார்த்தாள். "கொஞ்சந்தான். இது என்னோட வலி. மிச்சமெல்லாம் உன்னோடதா இருந்திருக்கு."