திங்கள் அலங்காரம், சனி வரை

நவம்பர் பதினான்கு, சனிக்கிழமை. விடியும் முன்பே பிடித்த தூறல் விட்டபாடில்லை. உலர்த்தியிருந்த துணிகள்கூட மறுபடி ஈரம் கோத்திருந்தன.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே உறங்கியிருந்த மனைவியின் தலையிலிருந்து பட்டுத்துணியைக் கணவன் மெல்ல அவிழ்த்தான். உச்சியில் தளர்வாக முடிந்திருந்த கூந்தல் சரிந்து தோளில் விழுந்தது. திங்கட்கிழமை அழகு நிலையத்தில் சூடான காற்றடித்து வளைத்துவிட்ட நுனிகள் இன்னும் குலையவில்லை.

“மகாராணி கிரீடம் பத்திரமா இருக்கு. வேருலதான் எண்ணெய் மினுங்குது.”

“பவுடர் தட்டி விடுங்க. கொஞ்சமா. நேரமாச்சு, பஸ் போயிடும்.”

அவள் அதற்குள் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். மூட்டை தூக்கியே முதுகு போன அவனால் நிமிர்ந்து நிற்க முடியாது. கண்ணுக்கு எட்டாத உச்சியில், கையை மட்டும் உயர்த்தி இரண்டு தட்டுத் தட்டினான்.

பெரிய கடையொன்றில், முடியில் அடிக்கும் ஸ்ப்ரே விற்கும் மேசையில் அவளுக்கு வேலை. முதுகுக்குப் பின்னால் அவளுடைய ஆளுயரப் படம். ‘திங்கள் அலங்காரம், சனி வரை’ என்று அதில் எழுதியிருந்தது. வாரம் ஒருமுறை கம்பெனி செலவில் அலங்காரம். அதன் பிறகு அவள் தலையே சாட்சி. வெறும் ஸ்ப்ரேயை நம்பினால் புதன்கிழமையே முடி வாழைநார்போலத் தொங்கிவிடும். அதனால் தலையில் பிளாஸ்டிக் உறை மாட்டிக் குளித்தாள். ஆவி படக்கூடாதென்று சமையலைக் கணவன் ஏற்றுக்கொண்டான். தெருவில் அவளுக்கு விளம்பரக்காரி என்றே பெயர் விழுந்துவிட்டது.

இந்தச் சனிக்கிழமையும் அலங்காரம் கலையாமல் நின்றுவிட்டால் மாலையில் வேலையை நிரந்தரமாக்குவதாக மேலாளர் சொல்லியிருந்தார். நிரந்தரமானால் குடும்பத்துக்கு மருத்துவச் செலவு கம்பெனியுடையது. கணவனின் முதுகு அறுவைச் சிகிச்சைக்கு மருத்துவர் நாள் குறிக்கக் காத்திருந்தார்.

மதியம் வரை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. பிறகு மகளோடு வந்த ஓர் அம்மாள் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“நிஜமாவே திங்கட்கிழமை செஞ்சதாம்மா? தொட்டுப் பாக்கலாமா?”

அனுமதிக்குக் காத்திராமல் விரல்கள் உச்சிமுடிக்குள் நுழைந்தன. வெளியே வந்தபோது நுனியில் வெள்ளை ஒட்டியிருந்தது. அந்த அம்மாள் முகர்ந்து பார்த்தாள்.

“குழந்தைக்குப் போடற பவுடர்! நல்ல வேளை, வாங்கல. வாடி போகலாம்.”

சட்டைப் பையில் எப்போதும் சீப்பு வைத்திருப்பதால் விற்பனைப் பெண்கள் ‘சீப்பு சார்’ என்றழைக்கும் மேலாளர், அவளைச் சரக்கறைக்குள் கூப்பிட்டார்.

“கம்பெனி மானத்தை வாங்கிட்டியே.”

“சார், அந்த ஸ்ப்ரே புதன்கிழமைகூடத் தாங்காதுன்னு உங்களுக்கே தெரியும். வீட்ல என்ன வேணா பண்ணிக்கோன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“பண்ணிக்கோன்னுதான் சொன்னேன். மாட்டிக்கோன்னு சொல்லலையே?”

“அவருக்கு ஆபரேஷன் சார். இந்த ஒரு தடவை...”

அவர் கதவுப் பக்கம் திரும்பினார். அங்கே நீண்ட கூந்தலுடைய பெண்ணொருத்தி நின்றிருந்தாள்.

“திங்கட்கிழமையிலிருந்து இந்தப் பொண்ணு நிக்கும். வீட்ல எப்படிப் பாத்துக்கறதுன்னு சொல்லிக் குடுத்துட்டு, பின்வாசல் வழியா போயிடு. முன்னாடி யாரும் உன்னைப் பாக்க வேணாம்.”

விளம்பரக்காரி, பஸ்ஸில் காற்றுக்குக் கட்டிவந்த பட்டுத்துணியைப் பையிலிருந்து எடுத்து, தன் தலையிலேயே கட்டிக் காட்டினாள்.

“இறுக்கினா மடிப்பு விழுந்துடும். இப்படித் தளர்வா. பவுடரை ராத்திரியே போட்டுக் காலையில சீவி எடுத்துடு.”

“எப்படிக்கா படுப்பீங்க?”

“படுக்கறதாவது? சுவத்துல சாஞ்சுக்கோ. வீட்ல யார் இருக்கா?”

“அம்மா மட்டும்தான்.”

“அப்போ அவங்களையே பவுடர் போடச் சொல்லு. நீ கீழ உக்காந்துக்கோ. எவ்வளவு அவசரமா இருந்தாலும் உக்காந்துக்கோ.”

அந்தப் பெண் தலையாட்டினாள்.

பின்வாசலில் தூறல் மழையாகியிருந்தது. விளம்பரக்காரி படியில் நின்று, காலைத் தூறலுக்கு மாட்டிவந்த பிளாஸ்டிக் உறையைப் பையிலிருந்து எடுத்தாள். ஒரு முடியும் வெளியே தெரியாதபடி தலையில் மாட்டி, ஓரங்களை விரலால் தடவிச் சரிபார்த்துக்கொண்டு மழைக்குள் இறங்கினாள். அவளுக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டபோது மாலை மணி நான்கு ஐம்பத்திரண்டு.