மேல்முறையீட்டுக்குக் கடைசி நாள்

மேல்முறையீட்டுப் பிரிவின் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் வக்கீலம்மா வந்து நின்றபோது மணி நாலே முக்கால். உள்ளே இருந்த எழுத்தர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சிரித்தார். "என்ன மேடம், இன்னைக்கும் நீங்களா? அரசு வக்கீலே இவ்வளவு அக்கறையா வந்து பாக்கலையே!" விளையாட்டாகத்தான் சொன்னார். அவளுக்குச் சுருக்கென்றது.

அவளுடைய கட்சிக்காரர், ஒரு லிஃப்ட் மெக்கானிக், கொலை வழக்கில் விடுதலையாகி இன்றோடு தொண்ணூறு நாள். அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்வதென்றால் இன்று ஐந்து மணிக்குள் செய்தாக வேண்டும். செய்தால் அந்த மனிதர் மறுபடி வழக்கில் மாட்டுவார். செய்யாவிட்டால் ஒரேயடியாக விடுதலை. அவருக்காக ஐந்து வருடம் தொண்டை கிழிய வாதாடியவள் எதை வேண்ட வேண்டும் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் மேல்முறையீடு வந்துவிடாதா என்ற நப்பாசையில்தான் அவள் இரண்டு வாரமாக இங்கே நடையாய் நடக்கிறாள். வக்கீலுக்குத் தன் கட்சிக்காரரே மாட்டிக்கொள்ள வேண்டுமென்று ஆசை வந்தால் அதற்கு என்ன பெயர்? அவள் படித்த எந்தச் சட்டத்திலும் இல்லை.

ஐந்து வருடமும் செவ்வாய் தவறாமல் சிறைக்குப் போனாள். வாசலில் போனை ஒப்படைத்து, கைப்பையைக் கவிழ்த்துக் காட்டி, தரையோடு திருகிவைத்த மேஜைக்கு இந்தப் பக்கம் உட்காருவாள். மற்ற கட்சிக்காரர்கள் அவள் தலையைப் பார்த்ததுமே "ஜாமீன் என்னாச்சு?" என்பார்கள். இவர் மட்டும், "முகம் ஏன் வாடியிருக்கு? தூங்கலையா?" என்று கேட்டார். முதல் தடவை அவள் எரிந்து விழுந்தாள். அப்புறம் அந்தக் கேள்விக்காகவே திங்கட்கிழமைகளைத் தள்ளினாள். கூட்டாளியை லிஃப்ட் பள்ளத்தில் தள்ளிவிட்டார் என்பது வழக்கு. நாலாவது மாடிக் கதவின் பூட்டு தானாகக் கழன்றுகொள்ளும் விதத்தை அவர் அவளுடைய பேனா மூடியை வைத்து விளக்கினார். அதை வைத்துத்தான் குறுக்கு விசாரணையில் அரசுத் தரப்பு நிபுணரை மண்ணைக் கவ்வ வைத்தாள்.

தீர்ப்பன்று அவருடைய அக்கா அவரைக் கையோடு கூட்டிப்போனாள். திரும்பிப் பார்ப்பார் என்று வக்கீலம்மா படிக்கட்டிலேயே நின்றாள். பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகிறவர் டாக்டரைத் தேடிக்கொண்டா நிற்பார்? மறுநாள் அவளுடைய குமாஸ்தா, "முடிஞ்ச கேஸ் கட்டைப் பரண்ல ஏத்திடவா?" என்று கேட்டார். "தொண்ணூறு நாள் போகட்டும்" என்றாள். சட்டப்படி அது சரியான பதில். சட்டம் அவளுக்கு இவ்வளவு வசதியாக என்றைக்குமே வாய்த்ததில்லை.

ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது அரசு வக்கீல் அலுவலகத்து ஆள் ஒருவர் கையில் காகிதக் கட்டோடு மூச்சிரைக்க ஓடிவந்தார். எழுத்தர் முதல் தாளைப் புரட்டிவிட்டு, "இது வேற கேஸ் மேடம். வண்டித் திருட்டு" என்றார். அதற்குள் தன் மனம் துள்ளிய துள்ளலை அவள் பார்த்துவிட்டாள். வெட்கத்தில் காது சுட்டது.

மணி ஐந்தானது. "வரலை மேடம். உங்க ஆளு தப்பிச்சாரு."

தகவல் சொல்வது கடமை. அங்கேயே நின்று போன் செய்தாள். எடுக்காவிட்டால் நாளைக்கும் கூப்பிடலாம் என்று நினைத்தாள். முதல் மணியிலேயே எடுத்தார்.

"மேடம்... வந்துடுச்சா?"

"இல்லை. நாள் முடிஞ்சுபோச்சு. இனிமே இந்தக் கேஸ்ல உங்களை யாரும் கூப்பிட முடியாது."

அந்தப் பக்கம் அழுகை வெடித்தது. அக்காவைக் கத்திக் கூப்பிட்டுச் சொன்னார். மறுபடி போனுக்கு வந்தபோது குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். உங்க நம்பரைப் பாத்தாலே எனக்குக் கைகாலெல்லாம் வெலவெலத்துப் போகுது. தொண்ணூறு நாளா போனை அக்காகிட்ட குடுத்துட்டுத்தான் படுக்கறேன். இனிமே உங்ககிட்டேருந்து போன் வராதுல்ல?"

"வராது" என்றாள், நீதிபதிக்குப் பதில் சொல்லும் குரலில், திருத்தமாக.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எழுத்தர் தேதி முத்திரையின் சக்கரத்தை விரலால் ஒரு பல் நகர்த்தினார். சரியாக விழுகிறதா என்று பழைய தாளின் ஓரத்தில் குத்திப் பார்த்தார். மை கொஞ்சம் ஈஷியிருந்தது. மறுபடி, அழுத்திக் குத்தினார்.