பின்வரிசையில் ஒரு குரல் கூடுதல்

கார்னரிலிருந்து பந்து உயர்ந்து வந்தபோது எங்கள் பின்வரிசை ஆட்கள் நாலு பேரும் ஒரே நேரத்தில் ஒதுங்கி வழிவிட்டார்கள். விசேஷ வீட்டில் பெரிய மனிதர் யாராவது உள்ளே நுழைந்தால் நாற்காலியை இழுத்துக்கொண்டு நகர்வோமே, அந்த மாதிரி. அவர்களில் ஒருவனான லாரி டிரைவர் மரியாதைக்குக் கையைப் பின்னால்கூடக் கட்டிக்கொண்டான். பந்து தரையில் ஒருதரம் குதித்தது. எதிரணியில் குட்டையான ஒருவன், இதில் ஏதோ சூது இருக்கிறது என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குழந்தையைத் தூங்கப் போடுகிற பதனத்தோடு அதை உள்ளே தள்ளினான். கோல். அவனுக்கே கூச்சமாக இருந்திருக்க வேண்டும். கொண்டாடக்கூட இல்லை.

எங்கள் அட்டைப்பெட்டிக் கம்பெனி அணி அந்த வருஷம் வாங்கிய கோல்களுக்கு ஆளாளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். வயசாகிவிட்டது என்றார்கள், ஓடத் தெரியவில்லை என்றார்கள், காசு வாங்கிவிட்டார்கள் என்றுகூட ஒருவன் சொன்னான். எங்களை விலைக்கு வாங்குகிற அளவுக்கு யாருக்கு அவசியம்? மேனேஜர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, "உங்க டிஃபென்ஸ் ஆளுங்க ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிறதே இல்ல. அதான் கோளாறு. பேசச் சொல்லுங்க," என்றார். கடைசி இடத்துக்குப் போய்க் கீழ் டிவிஷனில் விழுந்தால் அணியையே மூடிவிடுவதாகவும் சொன்னார். அவர் பேச்சு குறைவு என்று நினைத்தார். எங்களுக்கிருந்த தொல்லையோ, ஒரு பேச்சு கூடுதலாக இருந்ததுதான்.

நான்தான் பயிற்சியாளர். அதற்கென்று ஒன்றும் படித்தவன் இல்லை. ரிட்டயர் ஆனபோது விசிலைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன், பதவியும் அதோடு என்னிடமே தங்கிவிட்டது. பையன்கள் 'பெருசு' என்று கூப்பிடுவார்கள். என் வாயில் பொய் வராது. என் மனைவியைக் கேட்டாலும் அதையேதான் சொல்வாள், சிரித்துக்கொண்டே.

அதற்கு முந்தின வருஷம் வரை எங்கள் பின்வரிசையின் நடுவில் மதில் நின்றுகொண்டிருந்தான். பட்டப்பெயர்தான், ஆளைப் பார்த்தவர்களுக்கு அசல் பெயர் தேவைப்படவில்லை. பேக்கிங் பிரிவில் வேலை. மைதானத்தில் அவனுக்கு ஒரே சட்டம்: பந்து மேலே வந்தால், "என்னுது!" என்று கத்துவான். கத்திவிட்டால் மற்றவர்கள் தொடக்கூடாது. சத்தம் முதலில் வரும், ஆள் பின்னால் வருவான், நெற்றி கடைசியில் வரும். டப்பென்று ஒரு அடி. பந்து நடுக்கோட்டைத் தாண்டிப் போய் விழும். இந்தச் சட்டத்தை மீறிப் பந்தைத் தொட்டவன் அன்றைக்கு வீட்டுக்கு நொண்டிக்கொண்டு போவான்.

ஒருநாள் காலை பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போதே மதில் சாய்ந்துவிட்டான். தலைக்குள் ரத்தக்குழாய் ஏதோ வெடித்துவிட்டதாம். உயிர் மிஞ்சியது. கையும் காலும் பேச்சும் போய்விட்டன. கட்டிலில் கிடந்தான். மனைவி கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினாள். அவளுடைய தம்பிதான் எங்கள் கோல்கீப்பர், கொக்கு என்பார்கள். அவன் தினமும் வேலை முடிந்து போய் அத்தானைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு வருவான்.

அந்தக் கார்னர் கோலுக்குப் பிறகு லாரி டிரைவரைத் தனியாகப் பிடித்தேன்.

"ஏன்டா விலகின?"

"கத்தினாரே."

"யாரு?"

டிரைவர் என்னைப் பார்க்காமல் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். "யாரு கத்துவா பெருசு? 'என்னுது'ன்னு கத்தினா நான் தொட மாட்டேன். எனக்கு முட்டி ஒண்ணுதான் நல்லா இருக்கு."

கொக்கைக் கேட்டேன். அவன் கையுறையை மடித்து மடித்துப் பிரித்தான். "எல்லாருக்கும் கேக்குது. மொதல்ல மெயின் ரோட்டுப் பக்கமா கேட்டுச்சு. அப்புறம் கிரவுண்டு கேட் பக்கத்துல. இப்போ கார்னர் கொடிக்குப் பக்கத்துல. ஒவ்வொரு மேட்ச்சுக்கும் கொஞ்சம் கிட்ட வர்றாரு. அத்தான் எப்பவும் கத்திட்டுத்தானே ஓடி வருவாரு? சத்தம் வந்துருச்சு. ஆளு வழியில இருக்காரு."

நான் அதிகம் யோசிக்கிற ஆள் இல்லை. மருந்துக் கடைக்குப் போய்ப் பஞ்சு வாங்கினேன். அடுத்த ஞாயிறு கொக்கையும் சேர்த்து ஐந்து பேர் காதிலும் என் கையாலேயே அடைத்தேன். காது அடைத்த பின்வரிசை எப்படி ஆடும் என்று கேட்பீர்கள். அருமையாக ஆடியது. ஒருவன் பேச்சை ஒருவன் கேட்க முடியாததால் எல்லோரும் எல்லாப் பந்தையும் உதைத்தார்கள். ஒருவரையொருவர்கூட உதைத்தார்கள். ஆனால் கோல் விழவில்லை. மேனேஜர் என் கையைக் குலுக்கி, "பார்த்தீங்களா, பேச ஆரம்பிச்சதும் சரியாயிடுச்சு," என்றார்.

இரண்டு நாள் கழித்து மதிலின் மனைவி மைதானத்துக்கே வந்துவிட்டாள். நான் கோல்போஸ்ட் வலையைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

"ஞாயித்துக்கிழமை என்ன பண்ணீங்க பெரியப்பா?"

"மேட்ச் ஆடினோம்மா."

"தம்பி எல்லாம் சொல்லிட்டான்." குரலை உயர்த்தவில்லை. "ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஆனா அவருக்குக் கண்ணு வேற மாதிரி ஆயிடும். போர்வைக்குள்ள கால் விரல் ஆடும். டாக்டரு நம்ப மாட்டேங்கிறாரு, நான் பார்த்தேன். இந்த வாரமும் ஆடிச்சு. அப்புறம் நின்னுபோச்சு. கண்ணுல தண்ணி. மூஞ்சியைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டாரு. அதுலேர்ந்து கஞ்சி உள்ள எறங்கல. வாயில ஊத்தினா ஓரமா வழிஞ்சிடுது."

நான் வலையின் முடிச்சை அவிழ்த்து மறுபடியும் போட்டேன்.

"அவரு எங்கேர்ந்தோ கெளம்பி வந்துக்கிட்டிருந்தாரு பெரியப்பா. நீங்க எல்லாருமா சேர்ந்து கதவைச் சாத்திட்டீங்க. பஞ்சை எடுத்துடுங்க."

"கோல் விழும்மா. கடைசி மேட்ச். தோத்தா டீமையே மூடிருவாங்க."

"டீமை அடுத்த வருஷம்கூடத் தொறக்கலாம்," என்றாள். "இவரு வாயைத் தொறக்கணும்."

கடைசி ஆட்டத்தன்று காலையிலிருந்தே மழை. டிரா செய்தால் போதும், தப்பித்துவிடுவோம். உடை மாற்றும் அறையில் பஞ்சுப் பொட்டலத்தைப் பெஞ்சின் மேல் பிரித்து வைத்தேன். கொக்கு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"என்ன செய்யணும்னு நீங்களே சொல்லிடுங்க பெருசு," என்றான் டிரைவர்.

"எனக்கே காது மந்தம். என்னை ஏன்டா கேக்கற?"

விசில் ஊதும் நேரம் வந்தது. ஒவ்வொருவனாக எழுந்து வெளியே போனான். பஞ்சு பிரித்தபடியே கிடந்தது.

கொக்கின் அக்கா பக்கத்து வீட்டம்மாவைக் கட்டிலருகே உட்கார வைத்துவிட்டு வந்திருந்தாள். கோல்போஸ்ட்டுக்குப் பின்னால் குடையோடு நின்றாள். ஆட்டத்தைப் பார்க்கவில்லை, கேட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஆட்கள் அன்றைக்கு உயிரைக் கொடுத்து ஆடினார்கள். பந்து மேலே எழும்பவே விடக்கூடாது, குரலுக்கு வேலையே வைக்கக்கூடாது என்ற கணக்கு. முடிகிற நேரம் வரை அது பலித்தது. பிறகு டிரைவர் சேற்றில் வழுக்க, அவன் காலில் பட்டுப் பந்து வெளியே போயிற்று. கார்னர்.

பந்து கிளம்பியது. மழைச் சத்தம் சட்டென்று எங்கோ விலகிப்போனது போலிருந்தது. எனக்கு வலது காது சுத்தமாக அவுட், இடது காது பாதி. எனக்கே கேட்டது.

"என்னுது!"

கார்னர் கொடிப் பக்கம் இல்லை. பெனால்டி பாக்ஸுக்குள்ளேயே. சேற்றில் கனமான ஒருவன் ஓடி வருகிற சளக் சளக் சத்தமும் கூடவே. நாலு பேரும் விலகினார்கள். கொக்கு, தாவத் தூக்கிய கையைக் கீழே போட்டான். எதிரணியின் உயரமான ஆள் தனியாக எம்பினான். எம்பியவன் அந்தரத்திலேயே யாரோ தோளால் இடித்த மாதிரி பக்கவாட்டில் போய் விழுந்தான். டப். பந்து வந்த வழியே திரும்பி, நடுக்கோட்டைத் தாண்டி, நனைந்த புல்லில் போய் நின்றது.

யாரும் அதைத் துரத்தவில்லை. ரெஃப்ரி விசிலை வாயில் வைத்தார், எடுத்தார். யார் மேல் ஃபவுல் கொடுப்பது என்று அவருக்குப் புரியவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஆட்டத்தையே முடித்துவிட்டார்.

குடை மட்டும் கோல்போஸ்ட்டுக்குப் பின்னால் கவிழ்ந்து கிடந்தது. அவள் சாலையில் ஓடிக்கொண்டிருந்தாள். கொக்கு கையுறையோடு பின்னால் ஓடினான். நாங்களும் ஓடினோம்; என்னை டிரைவர் பாதி தூக்கிக்கொண்டு போனான்.

வீட்டு வாசலில் பக்கத்து வீட்டம்மா வாயில் விரலை வைத்துக் காட்டினாள். "சத்தம் போடாதீங்க. நல்லாத் தூங்கறாரு. நீ போனதுலேர்ந்து அசையவே இல்லம்மா."

அறை ஜன்னல் சாத்தியிருந்தது. போர்வை கழுத்து வரை ஒழுங்காக இருந்தது. போர்வைக்கு அடியில் மதிலின் மார்பு ஏறி ஏறி இறங்கியது. பெரிய ஏணி ஒன்றில் ஏறி வந்தவன் மாதிரி மூச்சு வாங்கினான். நெற்றியின் நடுவில் வட்டமாக ஈரச் சேறு. அதன் குறுக்கே பந்தின் தையல் பதிந்திருந்தது.

அவள் மூலையிலிருந்த துணியைத் தண்ணீரில் முக்கி எடுத்து வந்தாள். துடைக்கக் கையை நீட்டினாள். அவன் கண்ணைத் திறந்தான். சுவரைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தான். காய்ந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்த உதடுகள் மெல்லப் பிரிந்தன. அவள் குனிந்து அந்த வாயருகே காதை வைத்தாள். பிழிய மறந்த துணியிலிருந்து தண்ணீர் தலையணையில் சொட்டிக்கொண்டே இருந்தது.