கடலில் விழுந்த நாற்பத்தொரு புள்ளிகள்

திங்கட்கிழமை காலை உனாய்சி கணினியைத் திறந்தபோது ஆட்சேபம் தெரிவித்த நாற்பத்தொரு பேரும் கடலில் நின்றுகொண்டிருந்தார்கள். கரையில் ஒருவர்கூட இல்லை.

ஒவ்வோர் ஆட்சேபமும் இணைய வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. தவெயூனி தீவின் மேற்குக் கரையில் வுனிந்திலோ என்ற கிராமத்துக்குப் படகுத்துறை ஒன்று வரவிருந்தது. துறைக்குப் போகும் சாலையை இடுகாட்டின் நடுவே போட்டிருந்தார்கள். மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்பது சட்டம். அதற்காகத்தான் தலைநகர் சுவாவில் உனாய்சி வேலை பார்த்த சிறிய அலுவலகம் ஒரு வரைபடம் செய்து கொடுத்திருந்தது. கிராமத்தையும் விரிகுடாவையும் மேலிருந்து எடுத்த படம் அதில் தெரியும். எந்த இடத்தில் ஆட்சேபமோ அங்கே விரலால் தொட்டால் ஒரு புள்ளி விழும். பக்கத்தில் காரணம் எழுதலாம். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வரைபடம் மூடப்பட்டது. ஐந்து நிமிடத்தில் தொகுப்பறிக்கை, திட்டத்தை முடிவு செய்பவர்களுக்குத் தானாகவே போய்விட்டது. கடல் பகுதி: நாற்பத்தொன்று. சாலைப் பகுதி: இல்லை.

"பாஸ், இதக் கொஞ்சம் பாருங்க. எல்லாம் தண்ணிக்குள்ள நிக்குது."

ஷல்வின் ரொட்டி பார்சலைப் பிரித்தபடியே எட்டிப் பார்த்தார். அந்த அலுவலகத்தை அவர்தான் நடத்தினார்.

"உங்க ஆளுங்க மீன் பிடிக்கறவங்கதானே? மீனப் பத்திக் கவலப்பட்டிருப்பாங்க."

"எழுதியிருக்கறதப் படிங்க. 'எங்கப்பா இங்க படுத்திருக்காரு.' கடல்ல யாரு பாஸ் படுப்பா?"

"எனக்கு உங்க பாஷை பேச வரும், படிக்க வராது. மேல முடிவு பண்ற நிபுணருக்கு ரெண்டும் வராது. அவரு எண்ணிக்கைய மட்டுந்தான் பாப்பாரு."

உனாய்சி மறுபடியும் திரையைப் பார்த்தாள். புள்ளிகள் கண்டபடி சிதறியிருக்கவில்லை என்பதுதான் அவளை வதைத்தது. தப்பாகத் தொட்டவர்களின் புள்ளிகள் மழைத்துளி மாதிரி இங்கொன்றும் அங்கொன்றுமாக விழும். இவை வரிசையாக இருந்தன. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் அந்த வரிசைகள் அவளுக்குத் தெரிந்த வரிசைகள். வுனிந்திலோ இடுகாடு அது. கரைக்கு நூறு மீட்டர் வெளியே, தண்ணீரில், மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கி. ஒன்றல்ல. ஒன்றின்மேல் ஒன்றாகக் கொஞ்சம் விலகி, பல சின்ன இடுகாடுகள்.

அந்த இடுகாட்டில்தான் அவளுடைய அம்மா மகெரெத்தாவும் இருந்தாள். பிறந்த மண்ணுக்கே கொண்டுபோய், அண்ணன் தம்பிகள் குழி வெட்டிப் புதைத்தார்கள்.

மதியம் அவள் கெலேபிக்குத் தொலைபேசியில் பேசினாள். கெலேபி அவளுடைய தாய்மாமன் மகன்.

"யாரு, சுவா ராணியா? எங்க நம்பர் இன்னும் இருக்கா உங்கிட்ட?"

"மச்சான், விளையாடாத. ஒண்ணு கேக்கறேன், ஒழுங்கா பதில் சொல்லு. அன்னைக்குப் புள்ளிய எங்க வெச்சீங்க?"

"எங்க வெக்கச் சொன்ன? கல்லறை மேல வெச்சோம். பின்ன உன் மூக்கு மேலயா வெப்போம்? ரொம்பப் பெரிய மூக்குதான், இடம் இருக்கும்."

"எல்லாருமா?"

"எல்லாருந்தான். முந்தின வாரம் ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சதும் மேட்டு மேல வரிசையா நின்னோம். அங்கதான சிக்னல் வரும். எங்கப்பா கண்ணாடியத் தேடவே அரை மணி நேரம். அத்தை கல்லறைல மொதப் புள்ளி அவருதான் வெச்சாரு. நான்தான் கையப் புடிச்சு வெச்சுக் கொடுத்தேன்."

"கம்ப்யூட்டர்ல யாராவது வெச்சாங்களா?"

"இங்க கம்ப்யூட்டர் தென்னை மரத்துல காய்க்குதா? போன்லதான். மொத்தம் அஞ்சு போன். கை மாத்திக் கை மாத்தி வெச்சோம். எல்லாம் சரியாத்தானே வந்திருக்கு? நீ சொன்னன்னுதான் கப்பல் ஏறல."

அவள் பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

அவள் சொன்னாள் என்பது உண்மை. ஒரு மாதத்துக்கு முன்பு எதையாவது கேட்கப் போகிறவர்கள் மரபாக முன்னால் வைக்கும் யாங்கோனா வேர்க்கட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போய், கிராமத்துக் கூடத்தில் பாயில் உட்கார்ந்து கேட்டாள். பக்கத்துத் தீவில், லம்பாசா நகரத்தில் நேரடி விசாரணை இருந்தது. கிராமமே கிளம்பிப் போவதாக இருந்தது. கப்பல், பிறகு அரை நாள் பேருந்து. வயதானவர்களை அலைய வைக்க வேண்டாம், யாருமே போக வேண்டாமே என்றாள். "அங்க போய் நிக்கறதும் இங்க புள்ளி வெக்கறதும் ஒண்ணுதான் மாமா. ஒரு புள்ளி, ஒரு ஆள்" என்றாள். தன் வரைபடத்தைப் பற்றி அவளுக்குப் பெருமை இருந்தது. மாமாவுக்கோ, முகம் தெரியாத கூட்டமானாலும் அதன் முன்னால் போய் உட்கார்ந்து பேசுவதில்தான் நம்பிக்கை. ஆனால் சகோதரி பெற்ற பிள்ளை தாய் பிறந்த ஊரில் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்வதில்லை. அது அங்கே எழுதாத சட்டம். பன்றியைக் கேட்டாலும் கொடுப்பார்கள், படகைக் கேட்டாலும் கொடுப்பார்கள். அவள் அவர்களுடைய பயணத்தைக் கேட்டாள். கொடுத்துவிட்டார்கள்.

ஐந்து தொலைபேசிகள் என்ற சொல் அவள் மண்டையில் சுற்றிக்கொண்டே இருந்தது. பழைய ஊர்த்தலைவரின் கல்லறை எல்லாவற்றிலும் பெரியது. எழுதியிருந்த காரணங்களின்படி அதை ஐந்து பேர் குறித்திருந்தார்கள். ஐந்து புள்ளிகளும் ஒரே இடத்தில் இல்லை, சில மீட்டர் இடைவெளி விட்டு ஒரே கோட்டில் இருந்தன. அவள் அலமாரியிலிருந்து அடிக்கோலை எடுத்துத் திரையின் மேல் வைத்தாள். கோட்டை ஒரு பக்கம் நீட்டினால் உண்மையான கல்லறையில் போய் முட்டியது. மறுபக்கம் நீட்டினால் விரிகுடாவின் நடுவே, சரியாகப் படத்தின் மையத்தில் போய் நின்றது. அம்மாவின் கல்லறையில் வைத்த மூன்று புள்ளிகளுக்கும் கோடு வைத்துப் பார்த்தாள். அதே மையம்.

அப்போது புரிந்தது. புரிந்தவுடன் அவள் கோலைக் கீழே வைத்துவிட்டாள்.

விஷயம் இதுதான். அந்தப் படம் வரைபடத்தோடு கட்டப்படவே இல்லை. கண்ணாடி ஜன்னலில் ஒட்டிய தாளைப் போல, திரையில் ஒட்டப்பட்டிருந்தது. அடியில் வரைபடம், மேலே படம். ஒருவர் படத்தைத் தொட்டால், தொட்ட இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கணினி படத்திடம் கேட்காது, அடியில் இருக்கும் வரைபடத்திடம்தான் கேட்கும். அலுவலகத்தின் அகலத் திரையில் இரண்டும் அச்சாகப் பொருந்தின. கல்லறையைத் தொட்டால் அடியிலும் கல்லறை. ஆனால் படம் திரைக்குத் தகுந்தபடி சுருங்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். கைத்தொலைபேசியில் அது திரையின் அகலத்துக்குள் அடங்க மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. அடியில் இருந்த வரைபடம் சுருங்கவில்லை. அது அதே அளவில் தன் நடுப்பகுதியை மட்டும் காட்டியது. நடுப்பகுதி முழுக்கக் கடல். மேலேயும் கீழேயும் தெரிந்தது வெறும் நீலம் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மாமா கல்லறையைத்தான் தொட்டார். அவர் விரலுக்கு அடியில் தண்ணீர் இருந்தது. ஐந்து தொலைபேசிகளுக்கு ஐந்து அகலம், அதனால் ஐந்து இடுகாடுகள்.

படத்தைத் திரையில் ஒட்டியது யார்? அவள்தான். வரைபடத்தின் திறப்புக்கு முந்தின நாள், ஒழுங்கான முறையில், படத்தின் ஓரங்களுக்கு உரிய எண்களைக் கொடுத்து வரைபடத்தோடு கட்டத்தான் பார்த்தாள். படம் காணாமல் போயிற்று. கிராமம் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ கறை பூசியதுபோல ஒரு மங்கல். நாள் முழுக்கப் போராடினாள். மாலையில் ஷல்வின், "படத்த ஸ்கிரீன்லயே ஒட்டிட்டு, நகத்தறது, பெருசாக்கறது எல்லாத்தையும் பூட்டிடு. நாளைக்குத் திறப்பும்மா" என்றார். ஒட்டினாள். பூட்டினாள். அகலத் திரையில் தொட்டுப் பார்த்தாள், மயிரிழை பிசகவில்லை. மேசையில் கிடந்த தன் தொலைபேசியை எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை கெலேபியிடம் ஐந்து தொலைபேசிகளின் பெயர்களையும் வாங்கி, அவற்றின் அகலங்களைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு புள்ளியையும் சுருங்கிய அளவுக்கு மையத்திலிருந்து வெளியே தள்ளினாள். நாற்பத்தொன்றும் கரையேறின. நாற்பத்தொன்றும் கல்லறைகளின் மேல் போய் உட்கார்ந்தன.

ஷல்வின் வெகுநேரம் பார்த்தார். சாப்பிடாமல் பார்த்தார்.

"கணக்கு சரிதான்" என்றார். "மேல அனுப்பறேன். ஆனா ஒண்ணு சொல்லிடறேன், கோவிச்சுக்காத. எந்தப் போன்ல வெச்சாங்கன்னு நாம பதிவு பண்ணல. மூடினப்புறம் புள்ளிய நகத்தினா அவங்க அத திருத்தம்னு சொல்ல மாட்டாங்க."

"பின்ன என்னன்னு சொல்வாங்க?"

"அந்த ஊர்ப் பொண்ணு, அந்த ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு, அவங்க ஊருக்குச் சாதகமா நகத்தினான்னு சொல்வாங்க."

"அஞ்சு போனையும் கொண்டுவந்து மேசை மேல வெக்கறேன் பாஸ்."

"வை. அன்னைக்கு அதே அஞ்சுதான்னு யாரு சாட்சி? மறுபடியும் உங்க ஊர்தான்."

வியாழக்கிழமை பதில் வந்தது. காலக்கெடுவுக்குள் பதிவான இடங்களை மாற்ற இயலாது. சாலைப் பகுதியில் ஆட்சேபம் ஏதும் இல்லாததாலும், லம்பாசா விசாரணைக்குக் கிராமத்திலிருந்து எவரும் வராததாலும், பாதை ஏற்கப்படுகிறது. கடல் பகுதியில் வந்த நாற்பத்தொரு ஆட்சேபங்களைக் கருத்தில் கொண்டு, படகுத்துறை முப்பது மீட்டர் தெற்கே நகர்த்தப்படும்.

அதாவது, யாருமே கேட்காத ஒன்றைச் செய்துகொடுத்திருந்தார்கள்.

அவள் கெலேபிக்குப் பேசினாள். எதையும் மறைக்கவில்லை. படம், திரை, தொலைபேசி, தான் பார்க்காமல் விட்டது, எல்லாவற்றையும் சொன்னாள். அவன் பெரிய மூக்கு என்பான், சுவா ராணி என்பான், ஏதாவது வசைபாடுவான் என்று காத்திருந்தாள். பிறந்ததிலிருந்து அவர்கள் இருவரும் பேசிக்கொண்டதே அப்படித்தான்.

"சரிங்க" என்றான் கெலேபி. "அப்பா கிட்ட சொல்லிடறேங்க. நீங்க வேலையப் பாருங்க."

அவன் அவளை ஒரு நாளும் 'நீங்க' என்று சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஷல்வின் புது வேலையோடு வந்தார். ஏற்கப்பட்ட பாதையை அதே படத்தின் மேல் கோடு போட்டுக் காட்ட வேண்டும். எந்தக் கல்லறையைத் தோண்டி எங்கே மாற்றுவது என்று குடும்பங்கள் தங்கள் தொலைபேசியிலேயே பார்த்துக்கொள்ள வசதியாக. அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"வேற யாருகிட்டயாவது கொடுக்கட்டுமா?"

"வேணாம் பாஸ். நானே பண்றேன்."

"இந்தத் தடவ போன்ல பாத்துடு."

"பாத்துடறேன்."

அவள் பழைய இடத்திலிருந்தே தொடங்கினாள். அந்தக் கறை ஏன் வந்தது? இப்போது அவசரம் இல்லாததால், படத்தைத் திரையிலிருந்து பிய்த்து, அன்று கொடுத்த எண்களிலேயே மறுபடி கட்டி, வரைபடத்தின் பூட்டைத் திறந்து, உலகம் முழுவதும் தெரியும்வரை பின்னால் போனாள். அங்கே இருந்தது படம். திரையின் இடது கோடியிலிருந்து வலது கோடிவரை, பெருங்கடலையும் ஆப்பிரிக்காவையும் இந்தியாவையும் கடந்து, நூல்போல இழுபட்டுக் கிடந்தது வுனிந்திலோ. அவள் அன்று பார்த்த மங்கல் அந்த நூலின் ஒரு நுனி.

பூமியைப் பாகை பாகையாகக் கிழக்கே எண்ணிக்கொண்டு போனால் நூற்று எண்பதில் எண் முடிகிறது. அதைத் தாண்டினால் கழித்தல் குறி போட்டு எதிர்ப்பக்கத்து எண்ணாகிறது. நாள் மாறும் இடம் என்று பள்ளியில் சொல்லிக்கொடுக்கும் அந்த நூற்று எண்பதாம் கோடு பெரும்பாலும் ஆளில்லாத கடலில்தான் போகிறது. தவெயூனியில் கரையேறி, தோட்டங்களுக்கு நடுவே போகிறது. சிறுவயதில் அவளும் கெலேபியும் அதன் இருபுறமும் கால் வைத்து நின்று, "என் ஒரு கால் நேத்துல, ஒரு கால் இன்னைக்குல" என்று கத்தியிருக்கிறார்கள். படத்தின் மேற்கு ஓரம் கோட்டுக்கு இந்தப் பக்கம், கிழக்கு ஓரம் அந்தப் பக்கம். அவள் கொடுத்த இரண்டு எண்களும் சரியானவை, பள்ளிக்கூடத்தில் கேட்டால் முழு மதிப்பெண் கிடைக்கும். ஆனால் வரைபடத்துக்குக் கோடு தெரியாது. அதற்குத் தெரிந்தது சின்ன எண், பெரிய எண் மட்டுமே. ஒரு கிலோமீட்டர் குறுக்கே போக வேண்டிய படத்தை அது உலகம் சுற்றும் வழியில் இழுத்துக் கட்டியது.

நூற்று எண்பதில் நிறுத்தாமல் தொடர்ந்து எண்ணினால் என்ன என்று நினைத்தாள். எண்ணினாள். எண்ணை மாற்றினாள். படத்தின் ஓரங்களைப் புது எண்களில் கட்டினாள். அகலத் திரையில் பார்த்தாள், தன் தொலைபேசியில் பார்த்தாள், ஷல்வினுடையதில் பார்த்தாள், அலுவலகம் கூட்ட வரும் லுசியானாவின் கீறல் விழுந்த சின்னத் தொலைபேசியையும் வாங்கிப் பார்த்தாள். பெரிதாக்கினாலும் நகர்த்தினாலும் படம் நிலத்தோடு சேர்ந்தே போயிற்று. அம்மாவின் கல்லறையைத் தொட்டாள். அம்மாவின் கல்லறைக்கு உரிய எண் வந்தது. அதன் குறுக்கே சாலையின் மஞ்சள் கோடு போயிற்று, அதுவும் சரியான இடத்தில்.

பிறகு வேலைக்குறிப்பேட்டில், அடுத்து வருபவர்களுக்காக எழுதி வைத்தாள்: படத்தைத் திரையில் ஒட்டக் கூடாது, நிலத்தின் எண்களில் கட்ட வேண்டும். மேற்கு ஓரம் 179.995. கிழக்கு ஓரம் கழித்தல் 179.995 அல்ல, அதோடு 360ஐக் கூட்டி 180.005 என்று கொடுக்க வேண்டும்.